மோலியின் வாயில் வெண்பஞ்சு: முதலில் ஹீட்டரை நிறுத்துங்கள்

கேள்வி: சென்னை கொளத்தூரில் 1,000 லிட்டர் சிமெண்ட் தொட்டிகளில் கறுப்பு மோலி வளர்க்கிறேன். வெளியில் வாங்கிய தாய்மீன்களை விட்ட சில நாட்களில், மீன்களின் வாயோரம் பஞ்சு போல வெள்ளை படிந்தது. முதுகிலும் வெளிறிய திட்டு தெரிகிறது. வெள்ளைப்புள்ளி நோய் என்று சொன்னார்கள். ஹீட்டர் போட்டு 30 டிகிரிக்கு ஏற்றினேன். சாவு கூடிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: ஹீட்டரை உடனே நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயையே காட்டுகின்றன. வெதுவெதுப்பான நீரில் இந்தக் கிருமி வேகமாகப் பெருகும், ஆக்சிஜனும் குறையும். சூடு ஏற்றியதும் சாவு கூடியதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

வெள்ளைப்புள்ளி வேறு நோய். உப்புத் தூள் தூவியது போலத் துடுப்பிலும் உடலிலும் தனித்தனிப் புள்ளிகள் தெரியும். மீன் உடலைச் சுவரில் உரசும். அந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கும்வரை நீரில் கலக்கும் மருந்து அதை எட்டாது. மீனை விட்டு உதிர்ந்து, அடியில் கூடுகட்டிப் பெருகி, மீண்டும் நீந்தி வரும்போதுதான் கொல்ல முடியும். அந்தச் சுழற்சியை விரைவுபடுத்தத்தான் சூடு. பூஞ்சணம் என்றால் காயம்பட்ட இடத்தில் இழை இழையாக எழுந்து நிற்கும். காலம்னாரிஸ் படலமோ பார்க்கப் பஞ்சு போலிருந்தாலும் தட்டையாக, வழவழப்பாக இருக்கும். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் மருந்து ஊற்றுவதால்தான் தொட்டி தொட்டியாக மீன்கள் போகின்றன.

நீர் தானாகவே மெல்ல 25 டிகிரிக்கு இறங்கட்டும். காற்றுக் கருவி இரவும் பகலும் ஓடட்டும். அடியில் தங்கிய கழிவை உறிஞ்சி எடுத்து, கால்பங்கு நீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த நீரை நேரடியாக விடாதீர்கள். பிறகு தொட்டிக்கு 3 கிலோ கல் உப்பை வாளியில் கரைத்து, ஒரே நாளில் மூன்று தடவையாக ஊற்றுங்கள். மோலி கடல்நீரையே தாங்கும் மீன், அஞ்ச வேண்டாம். உப்பைத் தாங்காத கோரிடோரஸ் போன்ற சிறு கெளுத்தி வகை மீன்களோ நீர்ச்செடிகளோ கூட இருந்தால் அவற்றை முதலில் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

மறுநாள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் 2 கிராம், 1,000 லிட்டருக்கு. கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் செவுள் வெந்துவிடும். சிறிய மின்தராசில் நிறுத்து, கரைத்து ஊற்றுங்கள். இளஞ்சிவப்பு நிறம் சில மணி நேரமாவது நிற்க வேண்டும். சட்டென்று பழுப்பாக மாறினால் நீரில் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று பொருள். உடனே மறுபடி மருந்து சேர்க்காமல் நீரைச் சுத்தம் செய்யுங்கள்.

ஆன்டிபயாட்டிக்கைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். கடின நீரில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்து வீரியம் இழக்கும். தீவனத்தில் கலந்து கொடுப்பதே முறை, அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில். இரை எடுப்பதை நிறுத்திவிட்ட மீனுக்கு அதுவும் பயன்படாது; ஆகவே தாமதிக்காதீர்கள்.

செத்த மீனை அவ்வப்போது எடுத்துப் புதையுங்கள். அதிலிருந்து கிருமி ஏராளமாக நீரில் கலக்கும். தொட்டிக்கொரு வலை வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய வலையை வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். இனி வாங்கும் தாய்மீன்களை இரண்டு வாரமாவது தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

இரண்டு நாளில் சாவு குறையாவிட்டால், நோயுற்ற நிலையில் உயிரோடு இருக்கும் மீன்களை ஆக்சிஜன் பையில் போட்டு, மாதவரத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். செத்த மீனைக் கொண்டுபோகாதீர்கள். வேறு கிருமிகளும் அதில் பெருகியிருக்கும் என்பதால் எது கொன்றது என்று பிரித்துச் சொல்வது கடினம்.