பேரறிவாளனுக்குக் கிடைத்தது மன்னிப்பா?

கேள்வி: காதில் சரியாக விழவில்லை என்றால் 'பார்டன்?' என்கிறோம். பேரறிவாளனுக்குக் கிடைத்ததும் 'பார்டன்'தான் என்கிறார் நண்பர். ஒரே சொல் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: காதில் விழாததற்கு 'என்னங்க?' போதும். உங்கள் நண்பரைத்தான் திருத்த வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனுக்கு யாரும் பார்டன், அதாவது சட்டப்படியான முழு மன்னிப்பு, கொடுக்கவில்லை.

அவருடைய கருணை மனு 11 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. அந்தத் தாமதத்துக்காகவே 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை, தண்டனையை மன்னிக்கவோ குறைக்கவோ ஆளுநருக்கு அதிகாரம் தரும் அரசியல் சட்டப் பிரிவு 161-ன்படி அவரை விடுவிக்கப் பரிந்துரைத்தது. அமைச்சரவை சொன்னால் ஆளுநர் கையெழுத்திட வேண்டும் என்பது 1980-ல் மாருராம் வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். ஆனாலும் ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கோப்பை வைத்திருந்துவிட்டுக் குடியரசுத் தலைவர் பக்கம் தள்ளிவிட்டார். கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம், முழு நீதி வழங்கத் தனக்குள்ள சிறப்பு அதிகாரமான பிரிவு 142-ஐக் கையில் எடுத்து, தண்டனையை அனுபவித்து முடித்ததாகக் கொண்டு விடுவித்தது. குற்றவாளி என்ற தீர்ப்பை அது தொடவே இல்லை. முழு மன்னிப்பு என்றால் அந்தத் தீர்ப்பின் விளைவும் சேர்ந்து போயிருக்கும்.

அதே வழக்கில் தண்டனை பெற்ற நளினிக்கு 2000-ல் ஆளுநர் கையெழுத்திட்டாரே என்பீர்கள். அது தூக்கை ஆயுளாக்கியது, தண்டனை மாற்றம். எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018-ல் பத்து ஆண்டு முடித்த ஆயுள் கைதிகளை விடுவித்தது தண்டனைக் குறைப்பு. கொலை வழக்கு ஆயுள் கைதி 14 ஆண்டு உள்ளே இருந்தாக வேண்டும் என்று அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. அது பிரிவு 161-ஐக் கட்டுப்படுத்தாது என்பதால்தான் அரசு அந்த வழியில் போனது. இதையெல்லாம் 'பொதுமன்னிப்பு' என்று தலைப்புப் போடும் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

தூக்குக் கைதியின் மனுவுக்கு இப்போது கெடு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-வது பிரிவுப்படி, மேல்முறையீடோ மறுஆய்வோ தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். முதலில் ஆளுநரிடம் போகலாம். அவர் மறுத்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம். மனுவில் வெறும் கண்ணீர் எடுபடாது. வயது, மனநிலை பற்றிய மருத்துவச் சான்று, சாட்சியத்தில் உள்ள சந்தேகம், தீர்ப்புக்குப் பிறகு கிடைத்த ஆதாரம், விசாரணையில் ஆன தாமதம் ஆகியவைதான் எடைபோடப்படும். சாட்சியத்தைக் குடியரசுத் தலைவர் புதிதாக அலசலாம் என்று 1988-ல் கேஹர் சிங் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. நிராகரித்தால், தெரிவித்த நாளுக்கும் தூக்குக்கும் இடையே குறைந்தது 14 நாள் விட வேண்டும்.

அசல் பார்டனைப் பார்க்க வேண்டுமானால் நீதிமன்றத்துக்குப் போங்கள். அதை நாம் 'அப்ரூவர் ஆகிவிட்டார்' என்கிறோம். குற்றத்தில் பங்கு கொண்டவர், தெரிந்த அனைத்தையும் ஒளிக்காமல் சொல்வதாக ஒப்புக்கொண்டால் அதே சன்ஹிதாவின் 343-வது பிரிவில் நடுவர் மன்னிப்பு வழங்கலாம். ஏற்கெனவே ஜாமீனில் இல்லாவிட்டால் வழக்கு முடியும்வரை அவரும் கம்பிக்குள்தான். சாட்சிக் கூண்டில் வேண்டுமென்றே எதையாவது மறைத்தாலோ பொய் சொன்னாலோ, அரசு வழக்கறிஞர் அப்படிச் சான்றளித்த பிறகு அதே குற்றத்துக்காக அவர்மீது தனியாக வழக்கு நடத்தலாம். மன்னிப்புக்காக அவர் கொடுத்த வாக்குமூலமும் அப்போது அவருக்கு எதிரான சாட்சியமாகும்.