அரிக்கமேட்டுப் பதிவேடு: ஆழம் சில வரிகளில் மட்டும் பொருந்தாதது ஏன்?

வணக்கம். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் நடந்த 1945 அகழாய்வின் பதிவேட்டில் உள்ள ஆழமும், அதிலிருந்து ஏற்றிய தரவுத்தளத்தின் ஆழமும் சில வரிகளில் மட்டும் கால் மீட்டர் வரை மாறுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அங்குலத்தைத் தசமமாக ஏற்றியதுதான் காரணம்.

அந்த அகழாய்வை நடத்திய தொல்லியலாளர் வீலரின் குழு அடி, அங்குலத்தில் அளந்தது. 8 அடி 11 அங்குலம் என்பது 2.72 மீட்டர். அதையே 8.11 என்று தட்டி 0.3048ஆல் பெருக்கினால் 2.47 வரும். 8 அடி 2 அங்குலத்தில் பிழை ஒரு சென்டிமீட்டர்தான், அதனால் கண்ணில் படாது. மோசமானது 10 அங்குலம்: எக்செல் 8.10ஐ 8.1 ஆக்கிவிடும், பிறகு அது 1 அங்குலமா 10 அங்குலமா என்று பதிவேட்டுத் தாளைப் பார்க்காமல் சொல்லவே முடியாது. ஆகவே .1, .11 என முடியும் வரிகளை முதலில் வடிகட்டித் தாளோடு பாருங்கள்.

அடியையும் அங்குலத்தையும் தனித்தனிப் பத்தியில் ஏற்றி, (அடி × 12 + அங்குலம்) × 0.0254 என்று கணக்கிடுங்கள். பழைய மதிப்பை அழிக்காதீர்கள், பக்கத்துப் பத்தியில் திருத்தம் போதும். பிறகு அங்கே அகழ்ந்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசாலின் 1947–50 அகழாய்வு வரிகள் கலந்திருந்தால் அவற்றுக்கு இந்தச் சூத்திரம் வேண்டாம், அவை மீட்டர்.

4-5 போன்ற குழி-அடுக்கு எண் (எந்தக் குழி, எந்த மண் அடுக்கு என்பது) எக்செலில் தேதியாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்றும் முன்பே அந்தப் பத்தியை ‘உரை’ வடிவத்துக்கு மாற்ற வேண்டும். தாளே மங்கியிருந்தால் பானை ஓட்டின் மேல் மையில் எழுதிய எண்ணை நம்புங்கள்.