மிரின் இல்லாம டெரியாக்கி மீன் வீட்டுல செய்ய ஏலுமா?

ஜப்பான்காரர் சமையலுக்கு ஊத்துற மிரின் மட்டக்களப்புல தேடிக் கிடைக்கல, வேலையால வந்து அரை மணித்தியாலத்துக்குள்ள புள்ளயளுக்கு டெரியாக்கி (சோயா சோஸும் இனிப்பும் பூசி மினுங்க வைக்கிற ஜப்பான் சமையல்) மாதிரி பளபளப்பா ஒரு மீன் செஞ்சு குடுக்க ஏலுமா எண்டு கேட்டிருக்கிங்க. தாராளமா ஏலும். எங்கட வீட்டுல ராச்சாப்பாட்டுக்கு நான் அடிக்கடி செய்யிறது இதான். மிரின் போத்தல தேடுறத விட்டுட்டு மீனத் தேடுங்க, ருசி முக்காவாசி அங்கதான் இருக்கு.

எந்த மீன் எண்டா நான் முதல்ல சொல்றது பாரை. ஜப்பான்ல வீடுகள்ல இப்பிடிச் செய்யிற மீன்கள்ல பேர் போனது புரி எண்டுறது, குளிர் காலத்துல கொழுப்பு ஏறி வாற மீன், டோயாமா பக்கம் ஹிமி எண்டுற ஊர்ல பிடிக்கிற புரிக்கு அங்க பெரிய மவுசு. அந்தப் புரியும் எங்கட பாரையும் ஒரே குடும்பத்து மீன், அதால சதையும் கிட்டத்தட்ட அதே மாதிரி இறுக்கமா, உடையாம இருக்கும். சமன் மீன் டின்னுக்கும் ஐஸ் பெட்டி மீனுக்கும் காசக் கொட்ட வேணாம், கல்லடியிலயோ கல்முனையிலயோ பெரிய பாரை வந்தா வெட்டுறவர்ட்ட சொல்லி நடு முள்ள எடுத்து சதைத் துண்டா, ஒரு விரல் மொத்தத்துக்கு வெட்டி வாங்குங்க, தோல உரிக்க விடாதிங்க. அறக்குளாவும் நல்லம், வாவியில பிடிச்ச கொடுவாவும் நல்லம். சூரையும் செய்யலாம், ஆனா பின்னேரம் வேலையால வரக்குள்ள ரோட்டோரத்துல ஐஸ் இல்லாம கிடக்கிற சூரைய தயவுசெஞ்சு வாங்காதிங்க, சூட்டுல கிடந்தா அதுல ஹிஸ்டமின் எண்டுற நஞ்சு கூடிரும், பிறகு எவ்வளவு அவிச்சாலும் பொரிச்சாலும் அது போகாது, முகம் சிவந்து உடம்பு கடிக்கும், சின்னப் புள்ளயள் இருக்கிற வீட்டுல இதுல நான் கொஞ்சமும் விட்டுக்குடுக்க மாட்டன்.

இனி மிரின் கதை. அது அரிசியில செய்யிற இனிப்பு மது, சரியான மிரின்ல 14 வீதம் அளவு மதுசாரம் இருக்கு, அதால கடையில கிடைச்சாலும் இஞ்ச கன பேர் வீட்டுல சேர்க்க மாட்டாங்க. என்னோட வேலை செய்யிற காத்தான்குடி ராத்தாவும் இல்லாமத்தான் செய்யிறா, சோயா சோஸ் கூட ஹலால் அடையாளம் பாத்துத்தான் எடுப்பா. மிரின் குடுக்கிறது இனிப்பும் மினுக்கமும், அத சீனியே குடுத்திரும். நாலு துண்டுக்கு சோயா சோஸ் மூணு மேசைக்கரண்டி, தண்ணி மூணு, சீனி ரெண்டு, ஒரு துண்டு இஞ்சியத் துருவிப் பிழிஞ்ச சாறு, அவ்வளவுதான். இஞ்ச விக்கிற சில கறுப்புச் சோயா சோஸ் பொல்லாத உப்பு, நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாத்துட்டு ரெண்டரைக் கரண்டியோட நிப்பாட்டுங்க. வீடியோக்கள்ல உள்ளி, சோளமா, அன்னாசிச் சாறு எல்லாம் போடுவாங்க, அது ஹவாய், அமெரிக்காப் பக்கம் போய் மாறின முறை, பிழை இல்ல, ஆனா எனக்கு மீனோட உள்ளி வாசம் மேல வாறது விருப்பமில்ல.

செய்யிற முறையில முக்கியமானது மீனக் காய வைக்கிறது. துண்டுகள்ல ரெண்டு பக்கமும் கொஞ்சமா உப்புத் தூவி பத்து நிமிசம் விடுங்க, தண்ணி கசியும், அந்தத் தண்ணியிலதான் வெடுக்கு இருக்கு, அதக் கழுவாம டிசூவால நல்லா ஒத்தி எடுங்க. (அந்த நேரத்துல சோற அடுப்புல வச்சிரலாம்.) பிறகு கோதும மா மெல்லிசா தூவித் தட்டி விடுங்க, மா இருந்தாத்தான் சோஸ் மீனப் பிடிக்கும். தட்டைத் தாச்சியில ரெண்டு கரண்டி எண்ணெய் சூடாக்கி, தோல் பக்கம் கீழ இருக்க வச்சு மூணு நாலு நிமிசம் தொடாம விடுங்க, தொட்டா பிஞ்சிரும். திருப்பி இன்னும் ரெண்டு நிமிசம். இப்ப மிஞ்சின எண்ணெய டிசூவால துடைச்சு எடுத்துட்டு, அதுக்குப் பிறகுதான் சோஸ ஊத்தணும், முதல்லயே சோஸ்ல ஊற வச்சுப் பொரிச்சா சீனி கருகிக் கசக்கும், உள்ள பச்சையாவே கிடக்கும், கன பேருக்கு சரி வராம போறது இந்த இடத்துலதான். ஊத்தினதும் பொங்கும், நெருப்பக் குறைச்சு கரண்டியால அள்ளி அள்ளி மீனுக்கு மேல விட்டுக்கொண்டே இருங்க, சின்னக் குமிழி எல்லாம் பெரிய குமிழியா மாறி, கித்துள் பாணி மாதிரி கரண்டியில ஒட்டுற பதத்துக்குச் சரியா கொஞ்சம் முந்தி இறக்கிருங்க, ஆறக்குள்ள தானா இறுகும். கடைசியா அரைத் தேசிக்காய் பிழிஞ்சு வறுத்த எள்ளுத் தூவினா முடிஞ்சுது.

சோறு கொஞ்சம் ஒட்டுற பதத்துல இருந்தா நல்லம், ஜப்பான்காரர்ட அரிசி குட்டையா ஒட்டும். நான் கீரிச்சம்பாவுக்குத் தண்ணி கொஞ்சம் கூட விட்டு வடிக்காம ஆக்குவன், அம்பாறைப் பக்கத்து வயல் அரிசி வீட்டுல இருக்கக்குள்ள ஜப்பான் அரிசி எண்டு எழுதின பக்கட்டுக்கு ஏன் காசு குடுப்பான். பக்கத்துல கெக்கரிக்காய மெல்லிசா சீவி உப்பு போட்டுப் பிழிஞ்சு விநாகிரியும் சீனியும் விட்டு வச்சா அந்த இனிப்புச் சோஸுக்கு சரியா வெட்டிக் குடுக்கும், ஒரு கங்குன் வதக்கலும் இருந்தா வேற கறி தேவையில்ல. உறைப்பு இல்லாட்டி சோறு இறங்காத ஆக்கள் எல்லா வீட்டுலயும் இருப்பாங்க, எங்கட மாமிக்கு மட்டும் அதே தாச்சியில ரெண்டு செத்தல் கொச்சிக்காய நுள்ளிப் போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டி எடுப்பன், அவ அதத்தான் கேட்டுச் சாப்பிடுவா. அதுக்காக சோஸுக்குள்ள கொச்சிக்காய்த் தூள் போட்டுராதிங்க, நிறமும் கெட்டு அடியிலயும் பிடிக்கும்.

மிஞ்சினா பிரிட்ஜ்ல வச்சு அடுத்த நாள் ஒரு கரண்டி தண்ணி தெளிச்சு மெல்லிய நெருப்புல மூடிச் சூடாக்குங்க. தாச்சியில ஒட்டின சீனி இறுகினா உரஞ்சி எடுக்கிறது பெரிய வேலை, மீன எடுத்த கையோட சுடுதண்ணி ஊத்தி வச்சிட்டுச் சாப்பிடப் போங்க.