கூலி லோச்சா, நம்ம ஊர் அயிரையா?

கேள்வி: மகனுக்காக ரெண்டடித் தொட்டி வாங்கிப் பத்து நாள் ஆகிறது. பாண்டிச்சேரி கடை ஒன்றில் ‘கூலி லோச், இந்தோனேசியா மீன்’ என்று சொல்லி, ஒன்று 120 ரூபாய் வீதம் ஆறு கொடுத்தார்கள். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கின்றன. திடீரென்று மேலே பாய்ந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்குகின்றன. நேற்று ஒன்று செத்துவிட்டது. கல் உப்பும் நீல மருந்தும் போடச் சொல்கிறார் கடைக்காரர். என் அண்ணனோ, “இது அயிரை, குழம்பு வைக்கிற மீன்” என்று சிரிக்கிறார். மருந்து ஊற்றலாமா? – ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: மருந்து வேண்டாம் அம்மா. உப்பும் வேண்டாம். கூலி லோச்சோ அயிரையோ, ரெண்டும் லோச் இனம்தான். இந்த இனத்துக்குச் செதில் மிகப் பொடி, தோலுக்குள் பதிந்திருக்கும். மற்ற மீன் தாங்குகிற அளவை இது தாங்காது. அதிலும் நீல மருந்து, தொட்டியில் இப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கெடுக்கும். அது கெட்டால்தான் உங்களுக்கு உண்மையான தொல்லை.

மீன் செத்தது அநேகமாக நோயால் அல்ல, தொட்டி புதிது என்பதால். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் பத்தாம் நாளிலேயே ஆறு மீனோடு நிற்கிறீர்கள். ரெண்டடித் தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். ரெண்டு வாரத்துக்குத் தினமும் அதில் கால் பங்கை மாற்றுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் போக்கும் சொட்டு மருந்து போட்டு ஊற்றுங்கள். போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறதா? கடலோரத் தெருக்களில் அப்படி இருக்கும். அதை ஊற்றவே ஊற்றாதீர்கள். வாராவாரம் தொட்டியைக் காலி செய்து சோப்பு போட்டுக் கழுவச் சொல்பவர் யாராவது இருந்தால், அவரிடம் அடுத்த மீனை வாங்காதீர்கள்.

சரி, பெயருக்கு வருவோம். அசல் கூலி லோச் பென்சில் மாதிரி உருண்டு நீண்டது. இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள் உடம்பில் அகலமான கரும்பழுப்புப் பட்டைகள் குறுக்கே இறங்கும். முதுகுத் துடுப்பு நன்றாகப் பின்னால் தள்ளி, வாலை நோக்கி இருக்கும். அயிரை மணல் நிறம். பக்கவாட்டில் நடுக்கோட்டில் கரும்புள்ளிகள் வரிசையாக ஓடும், முதுகுத் துடுப்பு ஏறக்குறைய உடம்பின் நடுவில் நிற்கும். வால் தொடங்கும் இடத்தில் மேற்புறமாக ஒரு கரும்பொட்டு பெரும்பாலும் தெரியும். உங்கள் மீனுக்குப் பட்டை இல்லை, புள்ளி வரிசைதான் என்றால் அண்ணன் சொன்னது சரி. மதுரைப் பக்கம் உயிரோடு எடைபோட்டுக் குழம்புக்கு விற்கும் அதே மீன்.

அயிரை என்றால் ஏமாந்துவிட்டோம் என்று வருத்தப்படாதீர்கள். நம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் பழகிய மீன். இதன் அறிவியல் பெயரில் ‘தெர்மாலிஸ்’ என்று வரும். முதன்முதலில் விவரித்தது திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றில் பிடித்த மீனை வைத்து. கடலூரில் இதற்குப் போய் ஹீட்டர் விற்கிறார்கள் என்றால் அவர்கள் சாமர்த்தியத்தை என்ன சொல்ல!

கோபம் மீன் மேல் இல்லை, நடுவில் இருப்பவர்கள் மேல்தான். வாய்க்காலில் அரித்த மீன் ரெண்டு கை மாறி, பையில் ஆக்சிஜன் அடைத்து வரும்போது ‘இம்போர்ட்டட்’ ஆகிவிடுகிறது. வயலில் தெளித்த மருந்தும் சில சமயம் அதன் உடம்பிலேயே வருகிறது. மிளகாய்த்தூள் பாக்கெட்டில்கூட என்ன பொருள், என்று அடைத்தது என்று அச்சிட வேண்டும். உயிருள்ள மீனின் பையில் ஒரு ரப்பர் பேண்டு, அவ்வளவுதான். மீனின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், ‘ஃபேன்சி மீன் – 6’ என்று எழுதுவார்கள். இதே வழியில்தான் விரல் நீளக் க்ளௌன் லோச்சை ‘குட்டி லோச்’ என்று தள்ளிவிடுகிறார்கள். ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டையோடு அழகாகத்தான் இருக்கும். நாள் செல்லச் செல்ல ஓரடி வரை வளரும். அதை எங்கே வைப்பீர்கள்?

காற்றைக் குடிப்பது பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் பயந்து மருந்தைத் தேடுகிறார்கள். வேறு மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம். லோச்சுக்கு அது பாதிதான் பொருந்தும். இது விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாகவும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். வருவது, குடிப்பது, உடனே அடிக்குப் போவது என்றால் வழக்கம்தான். எல்லா மீனும் மேலேயே தங்கி, செவுள் படபடவென்று அடித்தால்தான் ஆபத்து. அப்போது உடனே தண்ணீரை மாற்றிக் காற்றுக்குழாயைக் கூட்டி வையுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துப் பல நாள் கரண்ட் இல்லாதபோது, என் வீட்டுத் தொட்டியில் மற்றதெல்லாம் மிதந்தது. அயிரைகள் மட்டும் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தன.

புதைவதும் அதன் சுபாவம். மணல் மட்டும் மென்மையாக இருக்கட்டும், சலித்துக் கழுவிய ஆற்று மணல் போதும். கலர் கல் மீசையைத் தேய்த்துவிடும். சில்வர் பீச்சில் அள்ளிய மணல் வேண்டாம், அதிலுள்ள கிளிஞ்சல் தண்ணீரைக் கடினமாக்கும். ஃபில்டர் உறிஞ்சும் வாயில் பஞ்சு கட்டுங்கள், மூடி போடுங்கள், குதித்துவிடும். கண்ணுக்குக் கீழே மடங்கும் முள் ஒன்று உண்டு, வலையில் மாட்டிக்கொள்ளும். டம்ளரால் எடுங்கள். அடியில் அமிழும் தீனியை விளக்கணைத்த பிறகு போடுங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் படம் அனுப்புங்கள். மேலிருந்து எடுத்தால் எல்லா லோச்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்ணாடிக்கு வெளியே ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்து, பக்கவாட்டில், முதுகுத் துடுப்பு விரிந்திருக்கும்போது எடுங்கள்.