ஈவ்ஸ்டிராப்: கூரை நீரிலிருந்து பிறந்த ஒரு வசைச்சொல்

பிறர் பேசுவதை அவர்களுக்குத் தெரியாமல் கேட்பதைக் குறிக்கும் 'ஈவ்ஸ்டிராப்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும் இவை.

கேள்வி: ஐயா, இச்சொல்லில் 'டிராப்' எதற்காக வருகிறது? பேச்சு சொட்டுச் சொட்டாகக் காதில் விழுவதால் இப்பெயர் வந்தது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

பதில்: சொட்டு என்பது சரிதான், ஆனால் சொட்டியது பேச்சன்று, மழைநீர். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் ஓரத்தை நாம் இறவாணம் என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'ஈவ்ஸ்'. அந்த இறவாணத்திலிருந்து நீர் வடிந்து விழும் தரைப் பகுதிக்குப் பழைய ஆங்கிலத்தில் 'இறவாணச் சொட்டு' என்று பொருள்படும் ஒரு பெயர் இருந்தது. 868ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆங்கிலோ-சாக்சன் நில ஆவணம் ஒன்று, மக்கள் வழக்கப்படி இச்சொட்டுக்காக இரண்டு அடி இடம் விடவேண்டும் என்று குறிப்பிடுகிறது. ஆகவே இச்சொல் முதன்முதலில் நம் கண்ணில் படுவது வீட்டு மனையின் எல்லை பற்றிய பேச்சில்தான். காதுக்கும் அதற்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. தன் கூரை நீர் அயலான் மண்ணில் விழலாமா என்பது ஓலைக் கூரையும் ஓட்டுக் கூரையும் உள்ள ஊர்களில் எல்லாம் எழுகிற வழக்கு என்பதால், ரோமானியச் சட்டம்கூட அதற்குத் தனியே ஓர் உரிமையை வகுத்துப் பெயரிட்டிருந்தது.

கேள்வி: நான் சட்ட மாணவி. நிலத்தைக் குறித்த சொல் எப்படி ஒரு குற்றவாளியைக் குறிக்கும் சொல்லாக மாறியது?

பதில்: அந்த இரண்டடி நிலத்தை மனக்கண்ணில் கொண்டு வந்தால் விடை தானே புலப்படும். வரிச்சும் களிமண்ணும் கொண்டு எழுப்பிய சுவர். கண்ணாடி இல்லாத, மரக்கதவு மட்டுமே உள்ள சாளரம். அதன் மேல் தாழ்ந்து இறங்கும் கூரை. வீட்டுக்காரர் புழங்காததும் வழிப்போக்கர் நடக்காததுமான அந்த ஒடுங்கிய பகுதியில் இரவு நேரத்தில் ஒருவன் நின்றால், அவன் அங்கே நிற்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அங்கே நிற்பவனுக்கே 'ஈவ்ஸ்டிராப்பர்' என்று பெயராயிற்று. நாட்டிங்ஹாம் நகரப் பதிவேடுகளில் 1487இல் ஒருவர் மீது இதே குற்றச்சாட்டு, இரவில் சுற்றித் திரிபவர் என்ற குற்றச்சாட்டோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது.

பின்னாளில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன், 1769இல் வெளிவந்த தம் சட்ட விளக்க நூலின் நான்காம் தொகுதியில், சுவருக்கும் சாளரத்துக்கும் இறவாணத்துக்கும் அடியில் நின்று உரையாடலைக் கேட்டு, அதைக் கொண்டு அவதூறும் கலகமும் விளைவிக்கும் கதைகளைக் கட்டுவோர் பொதுத்தொல்லை என்றும், ஊர்மன்றத்தில் அவர்களைக் குற்றம் சாட்டி அபராதம் விதித்து நன்னடத்தைக்குப் பிணை வாங்கலாம் என்றும் எழுதினார். 'கதைகளைக் கட்டுவோர்' என்ற பகுதியை நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். இன்று நாம் தனியுரிமை என்று பேசுவதை அன்றைய சட்டம் முதன்மையாகக் கருதவில்லை. கேட்ட பேச்சு ஊருக்குள் போய்ச் செய்யும் கேட்டைத்தான் அது அஞ்சியது. இச்சொல்லின் வரலாற்றில் பலரும் தவறவிடுவது இந்த இடத்தையே என்பது என் எண்ணம்.

கேள்வி: லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் கூரையில் செதுக்கப்பட்டுள்ள முகங்களிலிருந்துதான் இச்சொல் வந்தது என்று ஒரு காணொளியில் கேட்டேன். உண்மையா?

பதில்: முகங்கள் உண்மை; கதை பொய். எட்டாம் ஹென்றி 1530களில் கட்டிய பெருமண்டபத்தின் மரக்கூரையிலிருந்து சிறு முகங்கள் கீழே எட்டிப் பார்க்கின்றன. அவற்றுக்கு 'ஈவ்ஸ்டிராப்பர்கள்' என்ற பெயர் வழங்குவதும் மெய்யே. ஆனால் நாட்டிங்ஹாம் பதிவேடு அந்த மண்டபத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு மூத்தது. பிள்ளைக்குப் பிறகு தாய் பிறக்க முடியாது.

கேள்வி: 'ஈவ்ஸ்' என்பதில் உள்ள 'ஸ்' பன்மை விகுதிதானே?

பதில்: இல்லை. பழைய வடிவமே சகர ஒலியில் முடியும் ஒருமைச் சொல். பிற்காலத்தார் அதைப் பன்மை என்று மயங்கி, 'ஈவ்' என்றொரு ஒருமையைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டார்கள். பட்டாணியைக் குறிக்கும் 'பீ' என்ற சொல்லும் 'பீஸ்' என்ற ஒருமையிலிருந்து இப்படித்தான் கிளைத்தது.

கேள்வி: பெயர்ச்சொல் முந்தியதா, வினைச்சொல் முந்தியதா?

பதில்: ஆளைக் குறிக்கும் பெயரே முந்தியது. 'எடிட்டர்' என்ற பெயரிலிருந்து 'எடிட்' என்ற வினை பிறந்ததைப் போல, 'ஈவ்ஸ்டிராப்பர்' வழங்கத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், 'ஈவ்ஸ்டிராப்' ஒட்டுக்கேட்டலைக் குறிக்கும் வினையாகத் தென்படுகிறது. அதற்குள் சொல் கூரையை விட்டு விலகத் தொடங்கிவிட்டது. ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தில், போருக்கு முந்தைய இரவில், தன் வீரர்களுள் யாரேனும் தன்னைக் கைவிட எண்ணுகிறார்களா என்று அறிய, கூடாரங்களின் அடியில் நின்று ஒட்டுக்கேட்கப் போவதாக மன்னனே சொல்கிறான். கூடாரத்துக்கு ஏது இறவாணம்? வழக்கமாக அரசனுக்குப் பயந்து குடிகள் தாழ்ந்து பேசுவார்கள். இங்கே குடிகளுக்குப் பயந்து அரசன் ஒளிந்து நிற்கிறான் என்பது வேறு.

கேள்வி: 'ஓவர்ஹியர்', 'ஸ்னூப்', 'ப்ரை', 'நோசி' ஆகியவற்றிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

பதில்: 'ஓவர்ஹியர்' என்பதில் எண்ணம் தேவையில்லை; பேருந்தில் பின்னிருக்கையில் பேசுவது தானாகவே காதில் விழுந்தால் அதைச் சொல்லலாம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கும் நொடியில் அது 'ஈவ்ஸ்டிராப்' ஆகிவிடுகிறது. எட்டிப் பார்த்துத் துருவுவதைக் குறிக்கும் 'ப்ரை' கண்ணோடும், பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பவரைக் குறிக்கும் 'நோசி' மூக்கோடும் தொடர்புடையவை. 'ஸ்னூப்' சுவையானது: இனிப்பை ஒளித்து வைத்துத் தின்பதைக் குறிக்கும் டச்சுச் சொல்லொன்று அமெரிக்காவுக்குப் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறர் காரியத்தைத் துழாவுவதைக் குறிக்கலாயிற்று. ஊர்வம்பும் ஒருவகைத் தின்பண்டம்தான் என்பதை அச்சொல்லை மாற்றியவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: இங்கிலாந்தில் இது இன்னும் குற்றமா?

பதில்: பழைய பொருளில் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சண்டைக்கு அழைத்தல், ஓயாமல் வைது திரிதல் போன்ற பழங்குற்றங்களோடு இதையும் நீக்கியது. அதே 1967இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெர்கர் வழக்கிலும் கட்ஸ் வழக்கிலும், மின்னணுக் கருவிகளால் காவல்துறை ஒட்டுக்கேட்பதற்கு அரசமைப்பு வரம்புகளை வகுத்தது. ஓரிடத்தில் சுவருக்கடியில் நின்ற அண்டைவீட்டான் விடுவிக்கப்பட்ட ஆண்டிலேயே வேறோரிடத்தில் அரசாங்கம் கூண்டில் ஏற்றப்பட்டது. கட்ஸ் வழக்கில் கருவி பொருத்தப்பட்டிருந்த இடம் ஒரு பொதுத் தொலைபேசிக் கூண்டின் வெளிப்புறம் என்பதையும் கவனியுங்கள். இறவாணத்தடியிலிருந்து அது அதிகத் தொலைவு வந்துவிடவில்லை.

கேள்வி: தமிழில் 'ஒட்டுக்கேட்டல்' சரியா, 'ஒற்றுக்கேட்டல்' சரியா?

பதில்: இரண்டும் எழுதப்படுகின்றன. ஒற்று என்றால் வேவு. ஆகவே உளவாளியின் பணிக்கு இரண்டாவது பொருந்தும். சுவரையோ கதவையோ ஒட்டி நின்று கேட்பவருக்கு முதலாவதே பொருத்தம் என்று கருதுகிறேன். ஆங்கிலச் சொல்லைப் போலவே அதுவும் கேட்பவர் நிற்கும் நிலையைக் காட்டுகிறது. இச்செயலைக் குறள் கண்டிக்கும் இடமும் உண்டு. 'எப்பொருளும் ஓரார் தொடரார்' என்று தொடங்கும் 695ஆம் குறள், அரசன் பிறரோடு மறைவாகப் பேசும்போது செவிசாய்த்துக் கேளாமலும், பின்னர்த் துருவி வினவாமலும் இருந்து, அவனே வெளியிட்டால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது. 'ஓர்த்தல்' என்ற அந்தப் பழஞ்சொல் இன்று வழக்கில் இல்லாதது நமக்கு இழப்பே.

கேள்வி: கணினிப் பாடநூல்களில் ஆலிஸ், பாப் ஆகியோரோடு வரும் 'ஈவ்' என்ற பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் கலையான மறையீட்டியலில் செய்தி அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் ஆலிஸ், பாப் என்ற பெயர்கள் ஆர்எஸ்ஏ என்னும் மறையீட்டு முறையை விளக்கி 1978இல் வெளிவந்த கட்டுரை வழியாகப் பரவின. இடையில் நின்று கேட்பவருக்கு, 'ஈவ்ஸ்டிராப்பர்' என்பதன் முதலசையை எடுத்து, பின்னர் ஈவ் என்று பெயரிட்டார்கள். விவிலியத்து ஏவாளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1984இல் பென்னட், பிரஸார்ட் இருவரும் முன்வைத்த குவாண்டம் சாவிப் பரிமாற்ற முறையில், அதாவது செய்தியைப் பூட்டும் இரகசியச் சாவியை ஒளித்துகள்கள் வழியே பகிரும் முறையில், ஈவ் இடைமறித்து அளந்தாலே ஒளித்துகள்களின் நிலை குலைந்து பிழைகள் மிகும். ஆலிஸும் பாப்பும் தங்கள் குறிப்புகளில் ஒரு பகுதியை ஒப்பிட்டு, யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று கண்டுகொண்டு அந்தச் சாவியைக் கைவிட்டுவிடுவார்கள்.