கேள்வி பதில்: கம்பி தெரியுற பாலத்துக்குப் பூச்சு போதுமா?

கேள்வி: சார் வணக்கம். கடலூர் முதுநகர் பக்கம் உப்பனாத்துத் தண்ணி ஏறி இறங்குற இடத்துல ஒரு பழைய பாலம், அடியில காங்கிரீட் பேந்து கம்பி தெரியுது. சிமென்ட் வச்சுப் பூசினாங்க, இப்ப பூசுன இடத்தை ஒட்டியே மறுபடி பேந்துடுச்சு. இடிச்சுட்டுப் புதுசா கட்டுறதுதான் வழியா? பஸ் போறப்ப ஆடுது வேற.
- வாசகர், கடலூர்

பதில்: இடிக்கணும்னு அவசரப்படாதீங்க சார், ஆனா இந்த மாதிரிப் பூச்சால பாலத்துக்கு ஆயுசு கூடாது. நல்ல காங்கிரீட்ல காரத்தன்மை அதிகம், பிஹெச் 12, 13 இருக்கும், அது இருக்குற வரைக்கும் உள்ள இருக்குற கம்பி துருப்பிடிக்காது. நம்ம கடலோரத்துல உப்புக்காத்தும் உப்புத்தண்ணியும் வருஷக்கணக்கா ஊறி உப்புல இருக்குற குளோரைடு கம்பிவரை இறங்கி அந்தக் காப்பை உடைச்சிடுது, அப்பறம் துரு ஏறுற கம்பி முன்ன இருந்ததைவிட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேக்கும், அந்த நெருக்கத்துலதான் காங்கிரீட் உப்பி பாளம் பாளமா விழுது.

பக்கத்துலயே பேந்ததுக்கும் காரணம் இருக்கு. பூசுன இடத்துல உப்பு இல்ல, ஒட்டி இருக்குற பழைய காங்கிரீட்ல உப்பு அப்படியே இருக்கு, ரெண்டுலயும் ஓடுறது ஒரே கம்பி, அதனால மின்வேதி வினை நடந்து பழைய பக்கத்துக் கம்பி இன்னும் வேகமா அரிக்கும். முறையா செய்யணும்னா சுத்தியால தட்டி எங்கெல்லாம் பொள்ளலா கேக்குதுன்னு பாத்து, ஹாஃப் செல் டெஸ்ட்டும் (உள்ள கம்பி துருப்பிடிக்குதான்னு மின்னழுத்தத்தை அளந்து பாக்குறது) குளோரைடு டெஸ்ட்டும் (உப்பு எவ்வளவு ஊறியிருக்குன்னு பாக்குறது) எடுத்து, கம்பிக்குப் பின்னாடி விரல் நுழையுற அளவுக்குக் கொத்தி, மணலடிச்சுத் துருவை எடுத்து, மெலிஞ்சுபோன இடத்துல புதுக்கம்பி கட்டி, கம்பியில ஆனோடுங்குற துத்தநாகக் கட்டியை மாட்டி, அப்பறம்தான் மைக்ரோ காங்கிரீட் (பொடி ஜல்லி கலந்து, சந்துக்குள்ள தானா ஓடி நிரம்புறது) போடணும். கம்பிக்குப் பதிலா துத்தநாகம் கரைஞ்சு கம்பியைக் காப்பாத்தும்.

இத்தனையும் செஞ்சுட்டு மேலருந்து ஒழுகுற தண்ணியை விட்டா காசு தண்டம். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (பாலத்தளம் வெயில்ல விரியுறதுக்கு விட்ட இடைவெளி) ரப்பர் கிழிஞ்சிருந்தா மழைத்தண்ணி நேரா கர்டர் (தளத்தைத் தாங்குற உத்திரம்) முனையிலதான் இறங்கும், ஓரத்துல இருக்குற வடிகுழாயும் பாதி இடத்துல மண்ணடைச்சுக் கிடக்கும். ரோடு போடுறப்பெல்லாம் பழசைச் சுரண்டாம தார் மேல தார் போடுறது இன்னொரு கொடுமை. 10 செ.மீ. ஏறினா சதுர மீட்டருக்குச் சுமார் 230 கிலோ, 7.5 மீட்டர் அகலம் 100 மீட்டர் நீளப் பாலத்துக்கு 170 டன்னுக்கு மேல, வண்டியே போகலன்னாலும் ராத்திரி பகலா பாலம் அதைச் சுமக்குது!

பஸ் போறப்ப லேசா அதிர்றது எல்லாப் பாலத்துலயும் இருக்கும், பயப்பட வேணாம். ஒரே இடத்துல மட்டும் டமார்னு அடிச்சா ஜாயின்ட்டையும், கர்டருக்கும் தூணுக்கும் நடுவுல தாங்குற பியரிங்கையும் பாக்கச் சொல்லுங்க. பியரிங் போயிருந்தா ஜாக்கி வச்சு கர்டரைக் கொஞ்சமா தூக்கி மாத்திடலாம்.

எனக்கு உண்மையான கவலை அஸ்திவாரம்தான். 2024 ஃபெஞ்சல் புயலப்ப தென்பெண்ணையில வந்த மாதிரி வெள்ளம் தூணடி மண்ணை அரிச்சிட்டுப் போயிருந்தா மேல என்ன பூசினாலும் பிரயோஜனமில்ல, அங்க புதுப்பாலமே தேவைப்படலாம். கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு கொடுக்குறப்ப எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் நடுவுலன்னு எழுதி, அடிப்பக்க போட்டோ வச்சு, தூணடி மண்ணரிப்பையும் பாத்து, ஐஆர்சி (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) போட்ட எஸ்பி 40ங்குற காங்கிரீட் பாலப் பழுதுபார்ப்பு வழிகாட்டிப்படி டெஸ்ட் எடுத்தபிறகே வேலையை ஆரம்பிக்கணும்னு கேளுங்க.