இரண்டாம் ஊசி தவறினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை

உப்புவெளிச் சகோதரிக்கு: தாதியர் பயிற்சிக்காக ஹெப்படைட்டிஸ் பி முதல் ஊசி போட்டு 5 மாதம், இரண்டாவது விடுபட்டுவிட்டது, பழையது வீணா என்று கேட்டிருந்தீர்கள். வீணில்லை. விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள்.

இரண்டாவதை இந்தக் கிழமையே போடுங்கள். மூன்றாவதற்கு அதிலிருந்து குறைந்தது 8 கிழமை விட வேண்டும். வழமையான ஒழுங்கு 0, 1, 6 மாதம். பிந்தினால் பாதகமில்லை, குறைந்தபட்ச இடைவெளிக்கு முந்திப் போட்டால்தான் அந்த ஊசி கணக்கில் சேராது. மேற்கைத் தசையில் போடச் சொல்லுங்கள். பிட்டத்தில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி, பலன் குறையும்.

பார்மசியில் வாங்கிக்கொண்டு போவதாக எழுதியிருந்தீர்கள். திருகோணமலை வெயிலுக்குப் பயந்து பலர் ஐஸ் கட்டிமேலேயே வைத்துவிடுவார்கள். அதுதான் பெரிய பிழை. இந்த மருந்து 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்தால் கெட்டுவிடும், இளகிய பிறகும் உதவாது. முடிந்தால் மருந்தை வைத்திருக்கும் கிளினிக்கிலேயே போடுங்கள்.

மூன்றாவது ஊசிக்கு 1–2 மாதம் கழித்து அன்டி-எச்பிஎஸ் இரத்தப் பரிசோதனை (ஊசியால் உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று பார்ப்பது) செய்யுங்கள். மில்லிலீற்றருக்கு 10 மில்லி சர்வதேச அலகோ கூடவோ இருந்தால் போதும். வருடக்கணக்கில் கழித்துச் செய்தால், குறைந்த எண் வந்தாலும் அதற்குப் பொருள் சொல்வது கடினம்.

ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி கடைசியாகப் பள்ளிக்கூடத்தில் 12 வயதில் போட்டதென்றால், 10 வருடம் கடந்திருந்தால் அதையும் அன்றே மற்றக் கையில் போடலாம். அட்டையில் திகதியும் தொகுதி இலக்கமும் எழுதுவிக்க மறக்க வேண்டாம்.